கிளினிக் வாசலோடு நின்ற குளிர்

திருகோணமலையில் வைகாசி பிறந்து கச்சான் எழும்பிவிட்டால் குசினியின் நேரக்கணக்கே மாறிவிடும். தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, சூடேறி எங்கள் பக்கம் இறங்கி வருகிற காலம் அது. காலையில் காய்ச்சிய பால் பத்து மணிக்குத் திரைந்துவிடும். தேங்காய்ப்பால் விட்ட கறி பின்னேரம் வரை தாங்காது. திருக்கடலூர்க் கரையில் விடியக் கொண்டுவந்த சூரை பதினொரு மணிக்குள் சட்டிக்குப் போகவில்லையென்றால் அம்மா அதைத் தொடமாட்டார். வெயில் பட்ட சூரையைத் தின்ற பிள்ளைக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலையிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். குளிரில்லாமல் கிடந்த சூரையிலும் கும்பளாவிலும் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற ஒன்றை உண்டாக்குகின்றன, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது என்பதை நான் வேலைக்கு வந்த பிறகுதான் படித்தேன். அம்மா அதைப் படிக்காமலே எங்களைக் காப்பாற்றி வந்தார்.

குளிர் என்பது எங்கள் ஊரில் இல்லாத பொருளல்ல. 1957இல் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை கப்பல்காரரின் இறைச்சிக்கென்று டொக்யார்ட்டுக்குள் குளிர் அறை இருந்ததாக அப்பா சொல்வார். எனக்கு நினைவு தெரிந்த நாளில் மீன் முதலாளிமாரிடம் ஐஸ் இருந்தது. பாளம் பாளமாக உமிக்குள் புதைத்து வைத்திருப்பார்கள். உடைத்து, பெட்டிகளில் அடுக்கிய மீனுக்கு மேல் கொட்டி, லொறியில் கொழும்புக்கு அனுப்புவார்கள். கீழே சிதறிய துண்டுகளை எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் பொறுக்கி உமியோடு சூப்புவோம். கப்பலுக்கும் கொழும்புக்குப் போகிற மீனுக்கும் கிடைத்த குளிர், அந்த மீனைப் பிடித்தவர்களின் குசினிக்கு வரவில்லை.

குசினியில் இருந்தவை வேறு: மண்பானை, உறி, உப்பு, புளி, அடுப்பு. இரவு மிஞ்சிய மீன்குழம்பை அம்மா வற்ற வற்றக் காய்ச்சி வைப்பார், காலையில் அது சுண்டக்கறி. மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவார். விடியும்போது அது புளித்திருக்கும், அந்தப் புளிப்புக்குள் கெட்ட கிருமி இலகுவில் தலையெடுக்காது. தம்பலகாமத்திலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் சட்டி சட்டியாக வருகிற எருமைத் தயிர் வெக்கையிலும் நிற்பதற்குக் காரணம் அதே புளிப்புத்தான். மிஞ்சிய மீன் கருவாடாகும். குறை சொல்ல முடியாத அறிவு இது. ஆனால் இந்த வழிகள் எல்லாமே பெரியவர்களின் வயிற்றுக்கு ஆனவை. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குப் பழஞ்சோறு ஆகாது, கருவாடு ஆகாது, உறைப்புச் சுண்டக்கறி ஆகவே ஆகாது. குழந்தைக்கு வேண்டியது பால், குழைத்த சோறு, பருப்பு, முள் எடுத்த மீன், முட்டை. வெக்கையில் கிருமி ஆக விரைவாகப் பெருகுவதும் இவற்றில்தான். ஒரு வீட்டில் குளிர் இல்லாமையின் விலையைக் கொடுப்பது அந்த வீட்டில் ஆகச் சிறிய உயிர் என்பது, தொழிலில் இறங்கிய பிறகு எனக்கு நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டு வந்தது.

என் தம்பிக்கு ஒரு வயது நடந்துகொண்டிருந்தபோது அது எங்கள் வீட்டிலும் நடந்தது. 1970களின் நடுப்பகுதி, எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. பால்மா டின் ஒன்று கையில் கிடைப்பதே பெரிய காரியம். சூப்பிப் போத்தலில் கரைத்த பாலில் பாதியைக் குடித்துவிட்டு அவன் தூங்கிப்போனான். மிச்சத்தை அம்மா பச்சைத் தண்ணீர்க் கோப்பைக்குள் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, பின்னேரம் கொடுத்தார். அன்றிரவு தொடங்கிய வயிற்றோட்டம் மூன்றாம் நாள் வைத்தியசாலையில் சேலைன் ஏற்றியபோதுதான் நின்றது. தம்பியின் கண்கள் உள்ளே போய், உச்சிக்குழி பள்ளமாகி, அழுதால் கண்ணீர் வராமல் கிடந்ததை நான் கிட்ட நின்று பார்த்தேன். பிழைத்துக்கொண்டான். வார்டில் ஒரு தாதி அம்மாவைப் பார்த்து, "மிஞ்சின பாலை ஊத்திப்போட வேண்டியதுதானே" என்று கேட்டார். அம்மா வாய் திறக்கவில்லை. ஊற்றிவிட்டால் அடுத்த வேளைக்கு டின்னில் மா இருக்க வேண்டுமே! மிச்சத்தைக் கொட்டிவிடு என்ற புத்திமதி, கொட்டிவிட்டு வேறு எடுக்கக்கூடியவர்களுக்குத்தான் உதவும். வேலைக்கு வந்த பிறகு அந்தப் புத்திமதியை எந்தத் தாய்க்கும் வெறும் வாயால் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

1980களின் நடுவில் நான் குடும்ப நல உத்தியோகத்தராக வேலையில் சேர்ந்தேன். ஊரில் அந்த நீளப் பெயரை யாரும் சொல்வதில்லை, மிட்வைஃப் மிஸ் என்பார்கள். எங்கள் வேலையின் நடு உயிரே குளிர்தான். இலங்கையில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978இல் தொடங்கியது. சின்னமுத்து எனும் தட்டம்மைக்கான ஊசி 1984இல் சேர்ந்தது. மருந்து, தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நேரத்திலிருந்து பிள்ளையின் கையில் ஏறும் நேரம் வரை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். கொழும்புக் களஞ்சியம், மாவட்டக் களஞ்சியம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பிறகு என் தோளில் தொங்கும் பெட்டி என்று அந்தக் குளிர் கை மாறிக் கை மாறி வரும்.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தடித்த சுவருள்ள பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே நாலு பக்கமும் ஐஸ் பொதிகள், நடுவில் மருந்துக் குப்பிகள், மேலே பஞ்சு மூடி. பொதிகளை உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு அடுக்கக் கூடாது. மேசையில் பரப்பி வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சளசளக்கும்வரை காத்திருந்து, துடைத்துத்தான் அடுக்க வேண்டும். ஏனென்றால் சூடு எல்லா மருந்துக்கும் கெடுதி, ஆனால் முக்கூட்டு ஊசிக்கு உறைந்துபோவது அதைவிடக் கெடுதி. உறைந்து உருகிய குப்பியைக் குலுக்கி வைத்தால் அடியில் மணல் போலப் படியும். பார்வைக்கு மருந்து, பலனோ இல்லை. போலியோச் சொட்டு இதற்கு நேர்மாறு, சூட்டை அது கொஞ்சமும் தாங்காது. 1990களின் பிற்பகுதியில் அந்தக் குப்பிகளில் ஒரு சிறு அடையாளம் ஒட்டி வந்தது. வட்டத்துக்குள் வெளிர்ச் சதுரம், சூடு பட்டுக்கொண்டு போகப் போகச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்தைச் சதுரம் எட்டிவிட்டால் குப்பியை வீச வேண்டியதுதான். சின்னமுத்து மருந்தைக் கரைத்தால் ஆறு மணித்தியாலம், அதற்கு மேல் ஒரு துளியும் பாவிக்கக் கூடாது.

மூதூருக்கு லோஞ்சில் போவோம். கொட்டியாரக் குடாவைக் கடக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும், மேல்தட்டில் வெயில் நெருப்பாக எரியும். பெட்டியை நிழலில் வைக்க இடம் கேட்டால் யாரும் மறுத்ததில்லை. மூட்டைகளை நகர்த்தி, "மிஸ்ஸுட பெட்டியை இஞ்ச வையுங்க, பிள்ளையளுக்கு ஊசி மருந்து" என்பார்கள். கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009இல்தான், அதுவரை மிதவைப் பாதை. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். திறந்தால் குளிர் போய்விடும் என்று விளங்கப்படுத்துவேன். பெரும்பாலும் கேட்டுக்கொண்டார்கள். மூதூர் கிழக்கில் கரண்ட் கம்பியே போகாத கிராமங்கள் அன்று இருந்தன. அங்கெல்லாம் மண்ணெண்ணெய்க்கே கட்டுப்பாடு. மண்ணெண்ணெயில் ஓடுகிற பிரிட்ஜ் என்று ஒன்று உண்டு. அடியில் ஒரு விளக்கு எரியும், அந்தச் சுவாலையின் சூட்டில் குழாய்க்குள் அமோனியா ஆவியாகிச் சுற்றி வந்து மேலே பெட்டியைக் குளிர வைக்கும். நெருப்பு ஐஸ் கட்டுகிற அதிசயம் என்று முதலில் பார்த்தபோது வாய் பிளந்து நின்றேன். திரி கருகினால் சுவாலை மஞ்சளாகும், புகை பிடிக்கும், குளிர் இறங்கும். அந்த விளக்கின் நீலச் சுவாலையை விளக்குமாடத்துத் தீபம்போலப் பார்த்துப் பராமரித்த கிளினிக் சிற்றூழியர்கள் இருந்தார்கள்.

பலன் கிடைத்தது. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். 1995 முதல் நடந்த தேசியத் தடுப்பு மருந்து நாட்களில், பிள்ளைகளின் வாயில் சொட்டு விழுவதற்காக போரிட்ட இரு தரப்பும் துப்பாக்கியை இறக்கி வைத்தன. 2014இல் தென்கிழக்கு ஆசியா போலியோ அற்ற பிராந்தியமானது. 2019இல் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. போர் நடந்த நாட்டில், கடலும் காடும் சாவடியும் தாண்டி அறுபடாத குளிர் இது. நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிற விஷயம்.

ஆனால் ஊசி போட்ட கையோடு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுவாள், குளிர் வாசலோடு நின்றுவிடும். உலகத்தின் மறுகோடியிலிருந்து 8 பாகைக்கு மேல் ஏறவிடாமல் மருந்தைக் கொண்டுவந்து ஏற்றிய அதே பிள்ளைக்கு, வீட்டில் 34 பாகை வெக்கையில் காலை வைத்த சோறு பின்னேரம் ஊட்டப்படும். சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாகாது, ஆறிய சோற்றில் முளைத்து நஞ்சைக் கக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. சின்னமுத்துக்கும் போலியோவுக்கும் இவ்வளவு பாடுபட்ட நாங்கள், வயிற்றோட்டத்துக்கு, உடம்பு இழந்த நீரை ஈடுசெய்யும் ஜீவனிப் பக்கட் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினோம். ஜீவனி எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது வந்த பிறகு கொடுப்பது. வராமல் தடுக்க ஒரு பொருள் உண்டென்றால், சுத்தமான தண்ணீருக்கும் கக்கூசுக்கும் கை கழுவுதலுக்கும் அடுத்தபடியாக அது குளிர்தான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட கணக்கின்படி ஆண்டுக்கு 60 கோடிப் பேர் கெட்ட உணவால் நோயாகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள், அவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள். உலக சனத்தொகையில் நூற்றுக்கு 9 பேராக இருக்கும் பிள்ளைகள் அந்த மரணங்களில் 30 வீதத்தைச் சுமக்கிறார்கள்.

முதல் ஆறு மாதத்துக்கு இலங்கைத் தாய்மார் நல்ல வழி வைத்திருக்கிறார்கள். தாய்ப்பாலுக்கு பிரிட்ஜ் வேண்டாம். பால்மாக் கம்பனிகளின் விளம்பரத்துக்குக் கடிவாளம் போடும் சட்டக்கோவை இங்கே 1983இலேயே வந்தது. 2016ஆம் ஆண்டு ஆய்வில் ஆறு மாதத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டும் குடித்தார்கள். உலகில் பல நாடுகள் இதைக் கண்டு ஆசைப்பட வேண்டும். சிக்கல் ஏழாம் மாதம் தொடங்குகிறது. எடைக் கொப்பியில் கோடு சாய்கிற மாதங்களைப் பார்த்தால் தெரியும். மேலுணவு தொடங்கி, வயிற்றோட்டம் ஒன்று வந்து, கோடு இறங்கி, தேறுவதற்குள் இன்னொன்று வரும். கிளினிக்கில் கொடுக்கும் சத்துணவான திரிபோஷா மாவாக இருப்பதும், நாடே பசும்பாலை விட்டுப் பால்மாவில் பழகியதும் ஒருவகையில் வீட்டில் குளிர் இல்லாத கதைதான். காய்ந்த மா கெடாது. ஆனால் தண்ணீர் பட்ட நிமிடத்திலிருந்து அதற்கும் நேரம் ஓடத் தொடங்கிவிடும்.

2004 சுனாமிக்குப் பிறகு முகாம்களில் இதை ஆகக் கொடூரமாகப் பார்த்தேன். நல்ல மனத்தோடு வந்தவர்கள் பால்மா டின்னும் சூப்பிப் போத்தலும் பெட்டி பெட்டியாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கூடாரத்துக்குள் கொதிநீர் இல்லை, போத்தல் அவிக்கச் சட்டி இல்லை, கரைத்ததை வைக்க நிழல்கூட இல்லை. பால் சுரக்கிற தாய்மார்கூடப் பயத்தில் பால் வற்றிவிட்டதென்று நம்பிப் போத்தலைக் கையில் எடுத்தார்கள். கூடாரம் கூடாரமாக ஏறி இறங்கி மார்பில் போடச் சொல்லிக் கெஞ்சினோம். 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆய்ந்து பார்த்தார்கள். இனாமாகப் பால்மா கிடைத்த குழந்தைகளிடையே வயிற்றோட்டம், கிடைக்காதவர்களைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அந்த ஆய்வைப் படித்தபோது முகாம்களின் நாற்றம் மூக்கில் ஏறியது.

பிரிட்ஜ் எங்கள் பக்கத்து ஏழை வீடுகளுக்கு வந்த வழி வேதனையானது. 1980களிலிருந்து மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்து பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போனார்கள். ஒரு வீடு மனதை விட்டுப் போவதில்லை. எட்டு மாதக் குழந்தையை உம்மம்மாவிடம் விட்டுவிட்டுத் தாய் போயிருந்தாள். அவள் அனுப்பிய காசில் வந்த பிரிட்ஜ் குசினியில் இல்லை, முன் மண்டபத்தில் நின்றது. மேலே பூப்பின்னிய துணி, அதன் மேல் கண்ணாடிப் பூச்சாடி. கதவைத் திறந்து காட்டச் சொன்னேன். கீழ்த்தட்டில் தண்ணீர்ப் போத்தல்கள், மேலே நாலு முட்டை, மூடாத தட்டில் இரத்தம் வடிகிற பச்சை மீன், அதற்குக் கீழே பிள்ளையின் சோற்றுக் கிண்ணம். மீன் தண்ணீர் கிண்ணத்தின் விளிம்பில் சொட்டியிருந்தது. உறைபெட்டி நிறைய நிற நிறமான ஐஸ் பக்கட். பக்கத்துப் பிள்ளைகளுக்கு விற்கிறார்கள், அந்தக் காசில்தான் கரண்ட் பில் கட்டுகிறார்கள். பக்கட்டுக்குக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றியிருந்தார்கள்.

"ஐஸாகினா கிருமி செத்திடும்தானே மிஸ்?" என்று அந்த உம்மம்மா கேட்டார்.

சாகாது. உறங்கும், அவ்வளவுதான். செங்கமாரிக் கிருமியும் வயிற்றுளைவுக் கிருமியும் ஐஸுக்குள் பத்திரமாகக் கிடந்து, பிள்ளையின் வாய்ச் சூட்டில் எழும்பும். அவரோடு தரையில் இருந்து, தட்டுத் தட்டாக அந்த பிரிட்ஜை ஒழுங்குபண்ணினோம். சமைத்தது மேலே, மூடியோடு. பச்சை மீன் ஆகக் கீழே, மூடியோடு. பிள்ளையின் சோற்றை ஆக்கிய கையோடு சின்னக் கிண்ணங்களில் பிரித்து, ஆறியதும் உள்ளே வைத்து, ஊட்டுமுன் ஆவி பறக்கச் சூடாக்கி, மிஞ்சியதைத் திரும்ப வைக்காமல் விடுவது. பக்கட்டுக்குக் கொதித்தாறிய தண்ணீர். உம்மம்மா அன்றே ஒரு பானையில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். படிப்பித்தால் பிடித்துக்கொள்வார்கள் என்பது என் அனுபவம். பிரிட்ஜ் விற்றவர்கள் தவணைக் கொப்பியை மட்டும் கொடுத்தார்கள். எந்தத் தட்டில் எதை வைப்பதென்று சொல்ல அரசாங்கத்துக்கும் தோன்றவில்லை, எங்கள் பயிற்சியிலும் அது இருக்கவில்லை.

குளிர் வீட்டுக்குள் வந்துசேராததால் உயிருக்கே ஆபத்தானது இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு. நிலாவெளிப் பக்கம் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, சிறுவயது நீரிழிவு. அவள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. தாய் மருந்துக் குப்பிகளை இரண்டு வீடு தள்ளி ஒரு பிரிட்ஜில் வைத்திருந்தாள். அவர்கள் கலியாண வீட்டுக்குப் போய்விட்டால் கதவு பூட்டு. இரவு தட்டி எழுப்பக் கூச்சம். ஒருமுறை யாரோ இடம் ஒதுக்குவதற்காகக் குப்பியை உறைபெட்டியோடு ஒட்டிய தட்டுக்கு மாற்றிவிட, மருந்து உறைந்து உருகிவிட்டது. உறைந்த இன்சுலின் வெறும் தண்ணீர். தாய் அளவு தவறாமல் போட்டுக்கொண்டே இருந்தாள், பிள்ளை வாந்தியும் மூச்சிரைப்புமாக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாள். காப்பாற்றினார்கள்.

திறந்த குப்பியை 30 பாகைக்குள் வைத்தால் நாலு கிழமைவரை பாவிக்கலாம் என்பார்கள். கேட்க இலகுவாக இருக்கிறது. ஒரு குப்பியில் 1000 அலகு மருந்து. சிறுபிள்ளை நாளுக்கு 20 அலகு போட்டால் அது 50 நாளுக்குப் போகும். நாலு கிழமையில் மிச்சத்தை வீசச் சொன்னால் எந்தத் தாய் வீசுவாள்? கச்சானில் ஓட்டு வீட்டுக்குள் 30 பாகை எங்கே கிடைக்கிறது? அந்தச் சிறுமிக்கு நாங்கள் செய்துகொடுத்தது இரட்டைப் பானை. பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரச் சாக்கு, காற்றோட்டமான மூலை. நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் இதைப் பரப்பி 2000ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருது பெற்றவர். குஜராத்தில் மன்சுக்பாய் பிரஜாபதி களிமண்ணிலேயே கரண்ட் இல்லாத பிரிட்ஜ் செய்தார். மண்பானை குளிர்வது காற்றில் ஈரம் குறைந்திருக்கும்போதுதான். வாடை மாதங்களின் ஈரக் காற்றில் அது பெரிதாக வேலை செய்யாது, அந்த மாதங்களில் வெக்கையும் குறைவு. ஆகத் தேவைப்படுகிற கச்சானில் அது நன்றாகக் குளிர்கிறது. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் கென்யாவின் தாதாப் அகதி முகாம் வெப்பநிலையை அளந்து, 25 பாகைக்கும் 37 பாகைக்கும் இடையில் ஏறி இறங்கினாலும் இன்சுலின் நாலு கிழமை பலன் குறையாமல் இருக்கிறதென்று 2021இல் எழுதினார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல். ஆனாலும் திறக்காத குப்பிகளுக்கு, மாதக்கணக்கில் வைக்க, பானை போதாது. சுவாசநோய்க்குக் கொடுக்கும் சில பாணி மருந்துகளையும் கரைத்த பிறகு குளிரில்தான் வைக்க வேண்டும். பாணிக்குப் பதில் நீரில் கரையும் அமொக்ஸிசிலின் குளிசையை உலக சுகாதார நிறுவனம் முன்னே நிறுத்துவதற்கு ஏழை வீடுகளில் பிரிட்ஜ் இல்லாததும் ஒரு காரணம்.

இன்று இலங்கையில் ஏறத்தாழ எல்லா வீட்டுக்கும் கரண்ட் கம்பி போய்விட்டது. 2006இல் போரால் ஊரை விட்டு ஓடி, 2015க்குப் பிறகு திரும்பிய மூதூர் கிழக்கின் சம்பூர் மக்களின் மண்ணில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழாவும் நடந்தது. தடை இப்போது கம்பியல்ல, பில். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றது. கதவு திறக்காத பிரிட்ஜ் நாலு மணித்தியாலம் தாங்கும், அதற்கு மேல் அது வெறும் அலுமாரி. அந்த ஆண்டு ஆவணியில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியது, 2023 மாசியில் இன்னும் 66 வீதம். பில் 30 அலகு, 60 அலகு என்று படிப்படியாக ஏறுவது. ஒரு சின்ன பிரிட்ஜ் மட்டுமே ஏழை வீட்டை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். ஆகவே முதலில் நின்றது பிரிட்ஜ்தான். டிவியை நிறுத்தவில்லை என்று சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அந்தக் குறையில் உடன்பாடில்லை. டிவி இரண்டு மணித்தியாலம் ஓடும், பிரிட்ஜ் இரவு பகலாக ஓட வேண்டும். தமிழ்நாட்டில் 2006க்குப் பிறகு கலர் டிவியும், 2011க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் இலவசமாகக் கொடுத்தார்கள். மிக்ஸி பெண்களின் முதுகைக் காப்பாற்றியது, அது நல்ல காரியம். அந்தப் பட்டியலிலும் பிரிட்ஜ் இல்லை. இரு கரையிலும் அது வசதிப் பொருளாகவே எண்ணப்படுகிறது.

என் கணக்கில் அது எடைத் தராசைப்போல, ஜீவனியைப்போல ஒரு சுகாதாரப் பொருள். அரசின் அஸ்வெசும நிவாரண உதவி பெறும் குடும்பத்தில் இரண்டு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால், சிறிய பிரிட்ஜுக்கு வட்டியில்லாத் தவணையும் அதற்குரிய அலகுகளுக்குக் கட்டணச் சலுகையும் கொடுக்கலாம். வயிற்றோட்டத்துக்கு வார்டில் செலவாகும் காசை வைத்துப் பார்த்தால் அரசாங்கத்துக்கு அது நட்டமல்ல. இன்சுலின் போடும் பிள்ளை எந்த வீட்டில் என்பது அந்தந்தப் பகுதி மிட்வைஃபுக்குத் தெரியும். அந்தப் பட்டியல் மின்சார சபைக்குப் போக வேண்டும், அந்த வீட்டு இணைப்பைப் பில் பாக்கிக்காக வெட்டக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும்.

இவை நடக்க நாளாகும். அதுவரை உங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், உங்கள் பிரிட்ஜின் நடுத்தட்டில் ஒரு மூலையைக் கொடுங்கள். கதவிலும் வேண்டாம், உறைபெட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம். குப்பியை இடம் மாற்றக் கூடாதென்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வெளியூர் போகும்போது முதல்நாளே அந்தத் தாய்க்குச் சொல்லுங்கள், இரவில் தட்டினாலும் திறந்துவிடுங்கள்.